ஒரு சதுரத்தின் எடை

(இளம்பிள்ளையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இந்த ஊரில் தறிச் சத்தம் ஓய்வது கரண்ட் போனால்தான். இன்றைக்கு என் பேச்சுக்காக நாலு தறி நின்றிருக்கிறது என்றால், அந்தக் கூலிக்கு ஈடாக நான் ஏதாவது உருப்படியாகச் சொல்லியாக வேண்டும்.

அழைப்பிதழில் தலைப்பைப் பெரிதாகப் போட்டுவிட்டார்கள்: ‘பலமாடிக் கட்டடங்களின் கட்டுமானப் பொருள்களும் சுற்றுச்சூழலும்’. நான் சொல்ல வந்தது அதைவிடச் சின்ன விஷயம். நாம் கட்டுகிற வீட்டில், கடையில், தறிக்கூடத்தில் ஒரு சதுரத்துக்கு எவ்வளவு எடை ஏறுகிறது, அது எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவு நமக்கு வேண்டியது. கல்லூரியில் முப்பது வருடம் சதுர மீட்டரில் பாடம் நடத்தினேன். ஊருக்குள் வந்துவிட்டால் சதுரம்தான். பத்தடிக்குப் பத்தடி. “எத்தனை சதுரமுங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் மேஸ்திரி வெற்றிலையை மடிப்பார்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்தக் கடைவீதியில் பெரும்பாலும் ஓட்டு வீடுகள். இப்போது கீழே தறி, மேலே குடித்தனம், அதற்கும் மேலே சேலைக் குடோன் என்று மூன்று, நான்கு மாடிகள். என் தம்பி வீட்டு முதல் மாடியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்புக்குள் வளையம் வளையமாக அலை ஓடிக்கொண்டே இருந்தது. கீழே தறி ஓடுகிறது. அந்த அலையைத் தாங்கித்தான் நம் கட்டடங்கள் நிற்கின்றன. சென்னையில் படம் போட்டவருக்கு இது தெரியாது.

முதலில் கணக்கு. தூண், பீம், தளம் என்று கான்கிரீட்டில் சட்டகம் நிறுத்தி, இடையே செங்கல் வைத்து அடைக்கும் கட்டடத்துக்கு மேஸ்திரிகளிடம் ஒரு வாய்க்கணக்கு உண்டு: சதுரத்துக்கு 40 மூட்டை சிமெண்ட், 400 கிலோ கம்பி, செங்கல் 1,500 முன்னே பின்னே. எங்கள் புத்தகக் கணக்கும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை.

மூட்டை 50 கிலோ. ஆக, சதுரத்துக்கு 2 டன் சிமெண்ட். சங்ககிரியில் 1963 முதல் சிமெண்ட் ஆலை ஓடுகிறது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்து அரைத்து 1,450 டிகிரியில் சுடுகிறார்கள். இந்தச் சூட்டில் 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் 56 கிலோ சுண்ணாம்பாகிவிடும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடும். இதை நிலக்கரிப் புகை என்று நினைக்க வேண்டாம். கல்லுக்குள்ளேயே அடைபட்டிருந்த வாயு இது. நாளைக்கே அடுப்பைச் சூரிய ஒளியால் எரித்தாலும் இந்த 44 கிலோ போயே தீரும். சிமெண்ட் ஆலை விடும் வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு கல்லிலிருந்து வருவது, மீதிதான் எரிபொருளிலிருந்து. எதுவும் கலக்காத சிமெண்ட் என்றால் டன்னுக்குச் சுமார் 850 கிலோ வாயு. மேட்டூர் அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் குவியும் சாம்பலைக் கலந்த பிபிசி சிமெண்ட் என்றால் 600 கிலோ அளவில் நிற்கும். நாம் வாங்குவதைப் பிபிசி என்றே வைத்துக்கொள்வோம். சதுரத்துக்கு 1.2 டன் வாயு.

கம்பிக்கு வருவோம். ஒரு டன் உருக்குக்கு இந்தியச் சராசரி இரண்டரை டன் வாயு. உலகச் சராசரி இரண்டு டன்னுக்குச் சற்றுக் கீழே. நம்முடைய உலைகளில் நிலக்கரி அதிகம், பழைய இரும்பு குறைவு, அதனால் இந்த வித்தியாசம். 400 கிலோ கம்பிக்கு 1 டன். செங்கலைச் சூளையில் சுடும்போது கல்லுக்கு 400 கிராம் என்று வைத்தால் 1,500 கல்லுக்கு 600 கிலோ. எல்லாம் கூட்டினால் ஒரு சதுரத்துக்கு 2.8 டன். 30 சதுரத்தில் கடையும் வீடுமாகக் கட்டினால் 84 டன். இது நான் காகிதத்தில் போட்ட உத்தேசக் கணக்கு. அரை டன் இப்படி அப்படி இருக்கலாம். சிமெண்டும் கம்பியும் கிட்டத்தட்டச் சரிபாதிக் குற்றவாளிகள் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ‘சிமெண்ட்தான் கெட்டது, இரும்பில் கட்டினால் பசுமை’ என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் இது உதவும்.

சுண்ணாம்பைக் குறைத்துச் சிமெண்ட் செய்ய முடியாதா என்றால், முடியும். சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல் பொடியையும் சூளையில் சுட்டு வரும் கிளிங்கரோடு கலந்து எல்சி3 என்று ஒரு சிமெண்ட் வந்திருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் கேரன் ஸ்க்ரிவனர் என்ற பேராசிரியர் முன்னின்று செய்த ஆராய்ச்சி அது. நம் சென்னை ஐஐடியும் அதில் ஆரம்பத்திலிருந்தே பங்கெடுத்தது. 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதற்கு ஐஎஸ் 18189 என்று தனி எண் கொடுத்துவிட்டது. கலக்காத சிமெண்டோடு ஒப்பிட்டால் வாயு 30 முதல் 40 விழுக்காடு குறையும். சுட்ட மண்ணைப் பொடியாக்கிச் சுண்ணாம்போடு சேர்ப்பது நம் கொத்தனார்களுக்குப் புதிதா? சுருக்கி என்று பெயர். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுருக்கியும் சேர்த்துக் கட்டியது. பாட்டியை வெளியூருக்கு அனுப்பி, கோட் மாட்டித் திரும்ப அழைத்து வந்திருக்கிறோம். வரட்டும், நல்லதுதான்.

இப்போது கிழக்கே பாருங்கள். கஞ்சமலை. நம் ஊருக்குச் சூரியன் அதன் பின்னாலிருந்துதான் ஏறி வருகிறது. அமாவாசைக்குச் சித்தர் கோவிலுக்குப் போகிறவர்கள் காலில் மிதிபடும் கறுப்புக் கல்லில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டும். அத்தனையும் காந்த இரும்புத் தாது. சேலத்து இரும்பைச் சின்னச் சின்ன மண் உலைகளில் கரி போட்டு உருக்கிய காலம் ஒன்று இருந்தது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கும்பினி உத்தியோகஸ்தர் அதைப் பார்த்து மயங்கி, வேலையை விட்டுவிட்டு, 1830-களில் பரங்கிப்பேட்டையில் பெரிய உலை போட்டார். போர்ட்டோ நோவோ ஸ்டீல் அண்ட் அயர்ன் கம்பெனி. தாது சேலத்துச் சீமையிலிருந்து போயிற்று. அந்த இரும்பு கப்பலேறி இங்கிலாந்து வரைக்கும் போனது. வேல்ஸ் நாட்டுப் பிரிட்டானியா பாலத்தில் அது சேர்ந்திருக்கிறது என்று சொல்வார்கள். பிறகு 1853-இல் இன்னொரு கம்பெனி வந்தது. அது நம் எடப்பாடிப் பக்கம் பூலாம்பட்டியில், காவிரிக் கரையிலேயே உலை வைத்தது.

இரண்டும் நொடித்துப்போயின. காரணங்களைப் பட்டியல் போட்டால் நீளும், முதல் காரணம் கரி. தாது தீரவில்லை, காடு தீர்ந்தது. பக்கத்துக் காட்டை எரித்து முடித்ததும் அடுத்த காடு, அதற்கடுத்த காடு என்று வண்டித் தூரம் கூடிக்கொண்டே போய், கடைசியில் இரும்பு விலையைவிடக் கரி வந்து சேரும் செலவு கழுத்தை நெரித்தது. ‘மரம் என்றால் பசுமை’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குப் பூலாம்பட்டி உலைதான் ஞாபகத்துக்கு வரும். அந்த இரும்பில் நிலக்கரி ஒரு பொட்டு இல்லை. முழுக்க முழுக்க மரத்தில் காய்ச்சிய இரும்பு. இன்றைய முத்திரை குத்தினால் பசுமை உருக்கு!

உண்மையிலேயே இப்போது அப்படி முத்திரை வந்துவிட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு பசுமை உருக்குக்கு வரையறை அறிவித்தது. டன்னுக்கு 2.2 டன் வாயுவுக்குக் கீழே இருந்தால் பசுமை, 1.6-க்கும் கீழே போனால் ஐந்து நட்சத்திரம். உலகச் சராசரியே இரண்டுக்குக் கீழே இருக்கும்போது 2.2-ஐப் பசுமை என்பது தாராளம்தான். ஆனால் ஒரு கோடு கிழித்தாகிவிட்டது. கிழித்த கோட்டைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம்.

மறுபடி கஞ்சமலைக்கு வருவோம். சேலம் உருக்காலைக்கு 1970 செப்டம்பர் 16 அன்று இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கஞ்சமலையை வெட்டி எடுப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1981-இல் ஆலை ஓட ஆரம்பித்தபோது அது வெளியிலிருந்து வரும் சுருளை மெல்லியதாகத் தேய்க்கும் துருப்பிடிக்காத எஃகு ஆலையாக இருந்தது. நம் மலையின் தாதுவில் இரும்பு குறைவு. பொடித்துச் சலித்துப் பிரிக்க வேண்டும். மலை தப்பித்தது. பின்னால் அதை வெட்டும் பேச்சு எழுந்தபோதெல்லாம் எதிர்ப்பும் எழுந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் மாணவர்கள் போடும் ஒப்பீட்டு அட்டவணைகளில் எல்லாமே கிலோ கணக்குக் கரியமில வாயுதான். மலைக்கு அந்த அட்டவணையில் கட்டம் கிடையாது. காவிரி மணலுக்கும் கிடையாது. மோகனூர்ப் பக்கம் ஆற்றில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மணல் போனால் தண்ணீர் எங்கே போகிறது என்று.

மரத்தைப் பற்றித் தொட்டுவிட்டேன், முடித்துவிடுகிறேன். நார்வேயில் 2019-இல் 18 மாடி, 85 மீட்டர் உயரத்துக்கு மரத்தில் கட்டினார்கள். மியோஸ்டோர்னெட் என்று பெயர். அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் 2022-இல் 25 மாடி. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக, நம் பாவும் ஊடையும் மாதிரி அடுக்கி, பசை வைத்து அழுத்தியும், சட்டங்களை ஒட்டிப் பருத்த தூணாக்கியும் கட்டுகிறார்கள். மரம் வளரும்போது இழுத்த கரியைக் கட்டடம் நிற்கும் வரை பூட்டி வைக்கிறது. கணக்கில் பார்த்தால் மரத்துக்குத்தான் முதல் பரிசு. ஆனால் அவர்கள் வெட்டுவது நட்டு வளர்த்த காடு, வெட்டிய இடத்தில் மறுபடி நடுகிறார்கள். நமக்கு? மத்தியப் பொதுப்பணித் துறை 1993-இல் காடு குறைகிறதே என்று கட்டடத்தில் மரத்துக்குத் தடை போட்டு, 2020-இல்தான் எடுத்தது. நம் வீடுகளுக்குப் பனஞ்சட்டம் கொடுத்த பனைமரத்தை வெட்ட இப்போது கலெக்டர் அனுமதி வேண்டும். அது சரியான விதி. நார்வேப் பலகையைக் கப்பலில் இறக்கி, இளம்பிள்ளைக் கறையானுக்கு விருந்து வைக்க எனக்கு விருப்பமில்லை.

நமக்கென்று ஒன்று இருக்கிறது. கல். சேலம், நாமக்கல் இரண்டும் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் மாவட்டங்கள். நாமக்கல்லில் ஊர் நடுவிலேயே கோட்டையைப் பாறை தூக்கி வைத்திருக்கிறது. இந்தக் கருங்கல்லை நாம் என்ன செய்கிறோம்? வெடி வைத்துப் பெயர்க்கிறோம், கிரஷரில் போட்டு முக்கால் அங்குல ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் நொறுக்குகிறோம், சுற்றுவட்டாரப் பயிரெல்லாம் வெள்ளையாகத் தூசி படிகிறது. பிறகு அதை லாரியில் ஏற்றி வந்து, சங்ககிரியில் சுட்ட சிமெண்டால் ஒட்டி, மறுபடியும் கல்லாக்குகிறோம். ஆக்கிய கல் எவ்வளவு தாங்கும்? எம்25 கான்கிரீட் என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன். உடைப்பதற்கு முன் அந்தப் பாறை தாங்கியது 100-க்கு மேல். நாலில் ஒரு பங்கு பலத்துக்கு இத்தனை பாடு.

லண்டனில் கிளார்க்கன்வெல் குளோஸ் என்ற இடத்தில் அமீன் தாஹா என்ற கட்டடக் கலைஞர் ஆறு மாடிக் கட்டடத்தின் வெளித்தூண்களையும் உத்தரங்களையும் நேரடியாகச் சுண்ணாம்புக்கல் பாளங்களாலேயே நிறுத்தினார், குவாரியில் துளைத்த தடம்கூடத் தெரியும்படி. 2018-இல் நகர மன்றம் அதை இடிக்கச் சொல்லி உத்தரவு போட்டது, மேல்முறையீட்டில் அடுத்த வருடம் அவர் ஜெயித்தார். நம் ஊர் மாட்டுக் கொட்டகையில் கல்லுக்கால் நட்டவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால் தூணாக அது ராஜா, நீண்ட உத்தரமாக அது ஆகாது. தூண் கல், தளம் மட்டும் மெல்லிய கான்கிரீட் என்று கலந்து கட்ட இங்கே யாரும் முயன்று பார்க்காதது எனக்கு ஒரு குறை. கல் தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வங்கியிலும் அதற்குக் கடன் கேட்டு வாங்க முடியாது. “ஆர்சிசியா சார்?” என்பதுதான் முதல் கேள்வி.

மண்ணைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது, என் வகுப்பில் வருடா வருடம் கரும்பலகையில் எழுதியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வெங்கடராம ரெட்டி, ஜகதீஷ் என்ற இரு பேராசிரியர்கள் 2003-இல் வெளியிட்டது. கட்டடம் கட்டி முடிக்கும்வரை அதன் பொருள்களுக்குள் எவ்வளவு ஆற்றல் செலவாகியிருக்கிறது என்று பார்த்தார்கள். எட்டு மாடி, கான்கிரீட் சட்டகம், செங்கல் அடைப்பு: சதுர மீட்டருக்கு 4.21 கிகாஜூல். இரண்டு மாடி, செங்கல் சுவரே பாரம் தாங்குவது: 2.92. இரண்டு மாடி, சுடாத மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து அழுத்திய கல்: 1.61. எட்டு மாடியோடு இரண்டு மாடியை ஒப்பிடலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. உயரத்துக்கு என்று ஒரு அபராதம் உண்டு. ஆனால் அதே கேள்வியைத் திருப்பிப் போட்டேன்: எட்டு மாடிக்குரிய சட்டகத்தை நாம் ஏன் இரண்டு மாடிக்குப் போடுகிறோம்? இந்த ஊரில் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுகிறவர்கூட முதலில் குழி தோண்டித் தூண்தான் எழுப்புகிறார். சுவர் பாரம் தாங்கும் என்ற நினைப்பே போய்விட்டது. ஒன்பதங்குலச் சுவர், ஜன்னல் மட்டத்திலும் தளத்தடியிலும் சுற்றிவர ஒரு கான்கிரீட் பட்டி. சேலம் நிலநடுக்கப் பட்டியலில் மூன்றாம் மண்டலம், அதனால் அந்தப் பட்டியை விடக் கூடாது. இரண்டு மாடிக்கு இது போதும். மூன்றாவது மாடி எடுக்கப் போகிறீர்கள் என்றால், கீழே தறி ஓடுகிறது என்றால், சட்டகம் போடுங்கள், நான் தடுக்கவில்லை.

சுடாத மண் கல் என்றதும் மண் எங்கிருந்து என்று கேளுங்கள். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணைத் தோண்டித் தோண்டி, யானை நடக்கும் வழியே பள்ளமாகி, நீதிமன்றம் வரை போய் 2021-இல் சூளைகளை மூடினார்கள். மண்ணைச் சுட்டாலும் சுடாவிட்டாலும் பள்ளம் ஒன்றுதான். சாம்பல் கல் இதற்குப் பரவாயில்லை, தோண்டாமல் கிடைப்பது. ஆனால் மேட்டூரில் அனல் அணைந்தால் சாம்பலும் நின்றுபோகும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பொருளை மாற்றாமல் கட்டும் முறையை மாற்றினால்? சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை ஆலையில் வார்த்த கான்கிரீட் பாளங்களைக் கோத்துக் கட்டி 2022 மே மாதம் திறந்தார்கள். அதே மத்திய அரசுத் திட்டத்தில் அகர்தலாவில் மெல்லிய இரும்புச் சட்டகம், லக்னோவில் வேறு முறை என்று ஆறு ஊரில் ஆறு விதம். நேரம் மிச்சம், சென்ட்ரிங் பலகை மிச்சம். பொருள் எவ்வளவு மிச்சம் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்த கேள்வி.

வானுயரக் கட்டடம் கட்டியவர்கள் இந்த மிச்சத்தை முன்பே பார்த்துவிட்டார்கள். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட், 1931, 102 மாடி. சதுர அடிக்கு 19 கிலோ உருக்கு. டாக்காவில் பிறந்த ஃபஸ்லூர் கான் சிகாகோவில் 1969-இல் 100 மாடி ஹான்காக் சென்டருக்குச் சதுர அடிக்கு 13 கிலோ சொச்சத்தில் முடித்தார். வெளிச்சுவரிலேயே பெரிய பெருக்கல் குறிகளாகச் சட்டம் போட்டு, காற்றை அங்கேயே பிடித்து நிறுத்தினார். உருக்கு அதே உருக்குத்தான், யோசனை வேறு. நம் கம்பிக் கணக்கு எவ்வளவு? சதுர அடிக்கு 4 கிலோ, மூன்று மாடிக்கு, சிமெண்ட் தனி.

2014-இல் கேம்பிரிட்ஜ்காரர்கள் இருவர் இங்கிலாந்தில் 23 இரும்புச் சட்டகக் கட்டடங்களின் படங்களை வாங்கி, பத்தாயிரம் பீம்களுக்கு மேல் ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தார்கள். பாதுகாப்புக்கு என்று விதி கேட்கும் அதிகத்தையெல்லாம் சேர்த்த பிறகும், சராசரியாக ஒரு பீமின் பலத்தில் பாதிகூட வேலை செய்யவில்லை. படித்தபோது எனக்கு வியப்பில்லை. அதற்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: எதற்கும் இருக்கட்டும். விதிப்படி ஒரு பாதுகாப்பு, இன்ஜினீயர் கையிலிருந்து கொஞ்சம், மேஸ்திரி கையிலிருந்து கொஞ்சம், மாமனார் சொன்னார் என்று கொஞ்சம். எந்தப் பொருள் நல்லது என்று சண்டை போட்டுக் கிடைக்கும் லாபத்தைவிட, இந்த ‘இருக்கட்டும்’களைக் கழித்தாலே கிடைப்பது அதிகம் என்பது முப்பது வருடத்தில் நான் கண்டது.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பியைத் திருடச் சொல்லவில்லை. மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் செத்தார்கள். கணக்கில்லாமல் குறைப்பதும் கணக்கில்லாமல் கூட்டுவதும் ஒரே அறியாமைதான். ஒன்றில் உடனே சாகிறோம்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். 1986-இல் அப்பா ஓட்டைப் பிரித்துவிட்டு, தறிக்கு மேலே தளம் போட்டார். ஊரில் நாலைந்து பேர்தான் அப்போது தளம் போட்டிருந்தார்கள், அப்பாவுக்கு அதில் பெருமை. 2014-இல் ஒரு நாள் மதியம், தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, தளத்தின் அடிப்பூச்சு பலகை அகலத்துக்குப் பெயர்ந்து பாவின் மேல் விழுந்தது. ஆளில்லை, பாவு மட்டும் அறுந்தது. இடிக்க வந்த ஆள் பிரேக்கரை வைத்ததும் கம்பி வெளியே வந்தது. கையில் எடுத்து விரலால் அழுத்தினேன். கரும்புச் சக்கை மாதிரி தோல் தோலாக உரிந்தது. நடுவில் பென்சில் ஊசி அளவு இரும்பு. அன்றைக்குக் கம்பிக்கு அடியில், அதைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்கவில்லை. ஜல்லிக் கல்லைச் செருகியிருந்தார்கள், அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. கலவைக்கு உப்புக் கிணற்றுத் தண்ணீர் வேறு.

கான்கிரீட்டின் வினோதம் இது. சூளையில் இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து அது மெதுமெதுவாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. பழைய சுண்ணாம்புச் சுவருக்கு அது நல்லது, இறுகும். ஆனால் கான்கிரீட்டில் அந்த வாயு கம்பி வரைக்கும் இறங்கியதும், கம்பியைக் காத்துக்கொண்டிருந்த காரம் போய், துரு ஆரம்பிக்கிறது. துரு பருக்கும், பருத்தது வெடிக்கும். தளத்துக்கு வயது 28. கொட்டகையில் தாத்தா நட்ட நான்கு கல்லுக்கால்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தன. மாட்டுக் கயிறு அரைத்த பள்ளம் ஒன்றில் மட்டும் இருந்தது. வேறு சேதமில்லை. முன்னே 30 சதுரத்துக்குப் போட்ட 84 டன்னை 28 வருடத்தால் வகுத்தால் வருடத்துக்கு 3 டன். அதே கட்டடம் 84 வருடம் நின்றால் வருடத்துக்கு 1 டன். ஐந்து ரூபாய் கவர் பிளாக் செய்கிற வேலையை எந்தப் பசுமைச் சான்றிதழும் செய்யாது.

இன்னொரு கணக்கு, வெயில். சித்திரையில் மேல்மாடித் தளத்துக்கடியில் படுத்துத் தூங்கியவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஒன்றரை டன் ஏசி இரவில் எட்டு மணிநேரம் ஓடினால் 10 யூனிட். வருடத்தில் 120 நாள். யூனிட்டுக்கு 700 கிராம் வாயு என்று இன்றைய மின்சாரத்துக்குப் போட்டால் 840 கிலோ. முப்பத்து மூன்று வருடத்தில் 28 டன், அதாவது பத்துச் சதுரம் கட்டிய அளவு. மின்சாரம் காற்றுக்கும் வெயிலுக்கும் மாற மாற இது குறையும், உண்மைதான். இருந்தாலும் தளத்தின்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுக் கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தட்டிய நம் பழைய தட்டோடு வேலை இந்த ஏசியில் பாதி நாளை மிச்சப்படுத்தும் என்பது என் அனுபவம். தட்டுவதற்குப் பத்துப் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு நாள் கணக்கில் உட்கார வேண்டும். அந்தக் கூலியை இன்றைக்கு யாரும் கொடுப்பதில்லை, அதனால் பெயிண்ட் அடிக்கிறோம். வெள்ளை பெயிண்டாவது அடியுங்கள்.

தம்பி இந்தத் தை மாதம் கடைக்குப் பின்னால் குடோன் கட்ட ஆரம்பித்தான். தரையும் இரண்டு மாடியும். “அண்ணா, நீங்களே படம் போட்டுக் குடுங்க, ஊருக்கெல்லாம் சொல்றீங்களே” என்றான். போட்டேன். சேலைக் கட்டின் எடை, தறி அதிர்வு, நிலநடுக்கம், எல்லாம் சேர்த்து, நடுத்தூண்களுக்கு 16 மில்லி கம்பி ஆறு என்று எழுதினேன். தாத்தாவின் நான்கு கல்லுக்கால்களையும் படிக்கட்டுக்கு அடியில் நிறுத்தச் சொன்னேன், அதை மட்டும் சந்தோஷமாகச் செய்தார்கள். தூண் ஊற்றும் நாள் காலையில் ஆறு மணிக்கே போய்விட்டேன். கவர் பிளாக் எல்லாம் ஒழுங்காக இருந்தது. கம்பியை எண்ணினேன். எட்டு.

“மேஸ்திரி, ஆறுதானே எழுதியிருந்தேன்?”

“ஆமாங்க சார். எதுக்கும் இருக்கட்டும்னு நம்ம முதலாளிதான்...”

தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெடிமிக்ஸ் லாரி திரும்பிக்கொண்டிருந்தது.